சிவப்புப் பெட்டியைக் காப்பாற்றினோம்

உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் கடைவீதியில், தபால் கந்தோருக்கு முன்னால், வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சிவப்புத் தொலைபேசிப் பெட்டி ஒன்று நின்றது. தலையில் கிரீடம், பக்கமெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடி. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் யாரும் அதன் அழகைப் பார்க்கப் போனதில்லை. அந்தப் பெட்டிக்கும் ஓர் இலக்கம் இருந்தது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு அடிப்பார்கள். மணி கேட்டதும் பக்கத்தில் நிற்பவர் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு என்று விசாரித்து, உரிய ஆளை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பில் தமிழ்ப் பையன்களைப் பொலிஸும் ஆமியும் சந்தியில் மறித்துப் பிடித்துக்கொண்டு போன காலம். அண்ணன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தான். அவன் குரலைக் கேட்டால்தான் அம்மாவுக்கு அந்த வாரம் சோறு இறங்கும். இத்தனைக்கும், “சாப்ட்டியாப்பா?” என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்கமாட்டாள்.

பெட்டியை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நாங்கள் பெண்கள் கூடி மனுக் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து, பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் கனவான்கள் சிலர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கிரீடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இது பெரிய பொக்கிஷம். ஒருத்தரையும் கைவைக்க விடமாட்டோம்” என்றார்.

கைதட்டினோம். அம்மா அவரைக் கையெடுத்தே கும்பிட்டாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், குறை சொல்லக்கூடாது. பெட்டிக்குப் புது வர்ணம் பூசினார்கள், உடைந்த கண்ணாடிகளை மாற்றினார்கள், பக்கத்தில் மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். உள்ளே போனும் பளபளவென்று அப்படியே இருந்தது. வயரை மட்டும் அறுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குத்தானே பெட்டி, பேசுவதற்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனுக்கு உடனே கடிதம் போட்டேன். அது போய்ச் சேருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

“வயர அறுத்துட்டாங்கம்மா. இனிமே அடிக்காது” என்றேன்.

“போனு அங்கதானே இருக்கு? அவன் நேரத்துக்கு அடிப்பான். நாம இல்லாட்டிப் பயந்துற மாட்டானா?”

அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடவே போனேன். அம்மா பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போன் மேல் கையை வைத்தபடி நின்றாள். மழை தூறி ஓய்ந்தது. சுற்றுலா வான் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் பெட்டியைக் கண்டு முகம் மலர்ந்து, கமராவைத் தூக்கினார். படத்தில் அம்மா விழுகிறாள் என்று கண்டதும், வெளியே வரச்சொல்லிச் சிரித்தபடியே கையைக் காட்டினார்.

அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

“செத்த பொறுங்க தொர. எம் மவன் பேசிட்டு வச்சிரட்டும். பொறகு எடுங்க.”