அவர் சிரித்த இடம்

உச்சிப்புளியில் நான் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தபோது, மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தார். போனில் சத்தம் வரவில்லை என்றார்.

ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தேன். உடனே ஒரு பழைய ஆங்கிலப் பாட்டுப் படத்தைப் போட்டார். அதில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா, அந்த இடத்தையே பாக்குறீக?"

"கலியாணம் கட்டின புதுசில யாழ்ப்பாணத்தில பார்த்த படம், தம்பி. இந்த இடத்தில என்ர மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சவர். எனக்கு இங்கிலீஷ் விளங்காது. ஏன் சிரிச்சதெண்டு வீட்டை போய்ச் சொல்லுறன் எண்டவர். வழியில ஆமிக்காரர் அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பிறகு அவர் வரவேயில்லை. போன கிழமைதான் முகாமில ஒரு பிள்ளை இதைத் தேடித் தந்தது. இதில அவை என்ன கதைக்கினம்?"

நானும் பார்த்தேன். ஒருவரையொருவர் பிடிக்காத நடிகனும் நடிகையும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் காதலர்களாக நடிக்கிறார்கள். "இவரை ஒருநாளும் பிரிய மாட்டேன்" என்று சிரித்தபடியே அவள் அவன் காலை மிதிக்கிறாள். அதைச் சொன்னேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"இதுக்கோ அவர் அப்பிடிச் சிரிச்சவர்?"

போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

எனக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். அந்த மனிதர் சிரித்தது வேறெதற்கோ என்று இன்றும் தோன்றுகிறது.