மேக்னெட்டோ மூடிக்குள்ள வெத்தல எச்சி

பேய், முனின்னு யாராவது பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுற ஆளு நான். இஞ்சின் நிக்குதுன்னா ஒண்ணு எண்ணெய் வரல, இல்ல பொறி வரல, மூணாவதா ஒரு காரணமே கிடையாதுன்னு பட்டறை பூரா சொல்லிட்டுத் திரிஞ்சவன். நீங்க சிரிச்சாலும் சரி, நம்பாட்டியும் சரி, இது என் கண்ணால பார்த்தது. கொஞ்சம் அருவருப்பான சங்கதி, சாப்பிட்டுட்டு வந்திருந்தா கொஞ்சம் பொறுத்துக்கங்க.

அப்ப வெள்ளக்காரன் காலம். நான் பிரிக்பீல்ட்ஸ்ங்கிற எடத்துல ஒரு பட்டறையில மெக்கானிக்கா இருந்தேன். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல இஞ்சின் மக்கர் பண்ணுதுன்னு ஆள் விட்டாங்க, காலையில முதல் ரயிலப் பிடிச்சுப் போனேன். ரப்பர் ஆலை நாத்தம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ரப்பர்ப் பால ஆசிட் ஊத்தி உறைய வைப்பாங்க, சிந்துனது தரையில கெடந்து புளிச்சு, அழுகி, காலு வச்சா வழுக்கும், அந்த நாத்தம் சட்டையில ஒட்டினா ரெண்டு நாளைக்குப் போகாது. எனக்கோ சுத்தம்னா உயிரு, பட்டறையில என் பேரே சோப்புக்கட்டி. மூக்குல துண்டக் கட்டிக்கிட்டுத்தான் உள்ள போனேன்.

உறைஞ்ச ரப்பரத் தகடா அழுத்துற ரோலர அந்த இஞ்சின்தான் சுத்தணும். இஞ்சின ஓட்டுறவன் சின்னப்பன், முப்பது வயசு இருக்கும், வாசல்லயே காத்துக்கிட்டு நின்னான். அதுக்கு முன்ன ஓட்டினவர் வீராசாமின்னு ஒருத்தர், போன மாசம் காய்ச்சல்ல செத்துப்போனாராம், அதுலேர்ந்து இஞ்சின் இவன் கையில, அன்னிலேர்ந்தே மக்கர்தானாம்.

"அண்ணே, பன்னெண்டு மணிக்குள்ள ரோலர் சுத்தலேன்னா வெளிய போயிடுன்னு துரை சொல்லிட்டாருண்ணே. புள்ள பொறந்து பத்து நாள்தான் ஆகுது, தோட்டம் குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணிட்டு நான் எங்கண்ணே போவேன்?"

பாவமா இருந்துச்சு. பொறி விழுற பிளக்கக் கழட்டி இஞ்சின் ஒடம்புல சாய்ச்சு வச்சுட்டு, சக்கரத்தச் சுத்துடான்னேன். நல்ல பொறின்னா நீலமா, சடக்குன்னு சத்தத்தோட விழணும். இது மஞ்சளா, நோஞ்சானா, வந்தும் வராம இருந்துச்சு. புதுப் பிளக் போட்டேன், ஒயர மாத்தினேன், அதே கதி. அப்ப கோளாறு பொறிக்குக் கரண்டு குடுக்குற மேக்னெட்டோவுலதான்னு அதோட மூடியத் திறந்தேன்.

உள்ள வெத்தல எச்சி. செக்கச்செவேல்னு, கொழகொழன்னு, பாக்குத் துணுக்கோட பாயின்ட் மேல வழிஞ்சுக்கிட்டிருக்கு. கரண்டு பாயுற எடத்துல எவனாவது துப்புவானா? எனக்கு வந்த கோவத்துல சின்னப்பனப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அவன் அழாத கொறையா வாயத் திறந்து காட்டினான், பல்லு அத்தனையும் வெள்ளை. "நான் வெத்தல தொட்டதே இல்லண்ணே"ன்னான்.

துணியில தொடச்சு, பெட்ரோல் ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, காய வச்சு மூடினேன். சுத்துனா நீலப் பொறி, கன்னு மாதிரி துள்ளுது. நாலு சுத்துதான். மறுபடி மஞ்சள். திறந்தேன், மறுபடி எச்சி. தெரியாம வெரல வச்சுட்டேங்க, வெதுவெதுன்னு இருந்துச்சு, இப்பத்தான் ஒருத்தன் வாயிலேர்ந்து வந்த மாதிரி. வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

மூணாவது தடவை சுத்தம் பண்ணி, மூடி மேல என் உள்ளங்கையவே வச்சு அழுத்திக்கிட்டு உக்காந்தேன். பட்டப்பகல், பக்கத்துல சின்னப்பன், எதிர்ல கூலியாளுங்கள மேய்க்கிற கங்காணி, வேற யாரும் கிடையாது. கைய எடுத்துத் திறந்தா அதே செவப்பு.

அப்பத்தான் கங்காணி வாயத் திறந்தாரு. வீராசாமி தெனமும் காலையில இஞ்சின எடுக்கிறதுக்கு முன்ன வெத்தல எச்சியக் கட்டைவெரல்ல தொட்டு அந்தப் பாயின்ட்டத் தேய்ப்பாராம், அதச் செய்யாம ஒரு நாளும் எடுத்ததில்லையாம். "இவன் செய்யல, அதான் அவரே வந்து செய்யுறாரு. உசுரோட இருக்கிறவன் ஒருத்தன் அந்த வேலைய ஏத்துக்கிட்டா விட்டுடுவாரு"ன்னாரு. ஈரம் பட்டா பொறி செத்துப்போகும்யா, இது என்ன கூத்துன்னு கத்தினேன். ஆனா மணி பதினொன்னரை தாண்டியாச்சு, என் கையில வேற வழி எதுவும் இல்ல.

நான்தான் சொன்னேன். "போட்டுத் தொலைடா, இல்லேன்னா உன் வேலைதானே போகப்போகுது"ன்னு நான்தான் அவனச் சொன்னேன். கங்காணி மடிச்சுக் குடுத்த வெத்தலய சின்னப்பன் கண்ண மூடிக்கிட்டு மென்னான், கட்டைவெரல்ல துப்பித் தேய்ச்சான், நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். சக்கரத்தச் சுத்தினா பொறி சும்மா பளீர்னு நீலமா விழுது, அவ்வளவு ஈரத்துல! பிளக்க மாட்டினதும் மொத சுத்துலயே இஞ்சின் பிடிச்சுக்கிச்சு. சின்னப்பன் என் கால்ல விழப் போனான், நான் தள்ளி நின்னுக்கிட்டேன், எனக்கு அவன் வாயப் பார்க்கவே சகிக்கல.

மூணு மாசம் போயிருக்கும், கிள்ளான் பாசார்ல நல்ல சந்தைக் கூட்டம், "அண்ணே"ன்னு ஒரு கொரல். சின்னப்பன், தோள்ல புள்ளையோட நிக்கிறான். "இஞ்சின் ஒரு நாள் கூட நிக்கலண்ணே, துரைக்கு என்மேல ரொம்ப நம்பிக்கை"ன்னு சிரிச்சான். பல்லெல்லாம் கறை, ஈறெல்லாம் செவப்பு.

"என்னடா, வெத்தலைக்குப் பழகிட்டியா?"

"இல்லண்ணே, அன்னிக்குப் போட்டதோட சரி." கொஞ்சம் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னான். "காலையில எந்திரிச்சா வாய் நெறைய அந்தச் செவப்பு எச்சி இருக்குண்ணே, அதத்தான் பாயின்ட்டுல தேய்க்கிறேன். துப்பினா மறுபடி ஊறுது."

என்னாலதானே இவனுக்கு இந்தக் கதின்னு பட்டுச்சு. "நான் வரேன்டா, அந்த மேக்னெட்டோவயே தூக்கிக் கடாசிட்டு வேற மாத்திடுவோம்"னேன். அவன் பதறிப் போயிட்டான். "ஐயோ, வேணாம்ண்ணே, அது நல்லா ஓடுது, நீங்க எதையும் தொட்டுடாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

அப்படிச் சொல்லும்போதே அவன் கன்னம் ரெண்டும் உப்பிக்கிட்டு வந்துச்சு. துப்ப எடம் தேடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தான், சுத்தி ஒரே ஜனம், தோள்ல புள்ள வேற. அப்புறம் என்னையப் பார்த்துக்கிட்டே அத முழுங்கிட்டு, "வீட்டுக்கு வாங்கண்ணே"ன்னான்.