விரத வீட்டில் வேட்டை மீன்

1

"அண்ணே, ரெட் டெயில் வாயில அரவானா பாதி உள்ள போயிருச்சு. சீக்கிரம் வாங்க."

ராஜபாளையத்திலிருந்து சுசீலாம்மா போன் செய்தார். புரட்டாசி சனிக்கிழமை, காலை பதினோரு மணி. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியே வண்டியை எடுத்தேன்.

இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாக மீன் தொட்டி வைத்துக் கொடுக்கிறேன். பெரிய மீன்களைச் சேர்த்து வளர்க்க முதலில் பார்க்க வேண்டியது வாய் அளவு. வாய்க்குள் போகிற மீன் துணை இல்லை, தீனி. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கலரைப் பார்ப்பார்கள். வாஸ்து பார்ப்பார்கள்.

2

சுசீலாம்மா வீட்டுக்காரருக்குப் பேண்டேஜ் துணி பேக்டரி. ஹாலில் ஆறடித் தொட்டி. அதில் ஒரே ஒரு அரவானா, ஒன்றரை அடி. விரல் நீளத்திலிருந்து ஆறு வருடம் அந்தம்மா வளர்த்தது. அவர் கையிலிருந்து இறால் வாங்கித் தின்னும். வேறு யார் கை நீட்டினாலும் வராது.

முதலாளிக்கு அது போதவில்லை. போனில் ஒரு வீடியோ காட்டினார்.

"வாரவன் போறவன் அசரணும்யா. இந்த ரெட் டெயில் ஒண்ணு போடு."

"அது கெளுத்தி ஜாதி மொதலாளி. வாய் பெருசு. மூணடி வளரும். சில்வர் டாலர் போடுங்க. அகலமான மீன், எது வாயிலயும் போகாது."

"அது தட்டு மாதிரில்ல இருக்கு. நான் புலி கேக்கேன், நீ ஆட்டக் காட்டுத. அரவானா மேல நீந்துது, இது அடியில கெடக்கும். மாடி வீட்டுக்காரனும் கீழ் வீட்டுக்காரனும் மாதிரி. என்னய்யா சண்ட வரும்?"

வீடியோவில் மீன் மூன்று நிமிடம் ஒற்றுமையாக இருந்தால் போதும். வீட்டில் அப்படி இல்லை. இருந்தும் கொடுத்தேன். உள்ளங்கை அளவுக் குட்டி. வயிறு காயவிடக் கூடாது, ஆறு மாதத்தில் தனித் தொட்டி வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். ஒரு வருடத்தில் அது அரவானா நீளத்துக்கு வந்தது. தலை மட்டும் இரண்டு பங்கு. தனித் தொட்டி அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போனது.

3

புரட்டாசி பிறந்தது. வீட்டில் கவிச்சி நின்றது. மனிதர்கள் இருக்கட்டும், அது அவர்கள் பாடு. தொட்டிக்கும் அதே உத்தரவு போட்டார் முதலாளி. பெருமாள் படத்துக்கு நேரே தொட்டி இருக்கிறதாம். பிரிட்ஜில் இருந்த இறாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு உருண்டைத் தீனி வாங்கினார். அந்த உருண்டையே மீன் தூளில் செய்வது. டப்பாவில் எழுதியிருக்கிறது. டப்பாவை யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது வாரம் தண்ணீர் மாற்றப் போனேன்.

"ரெண்டும் துப்பிருதுண்ணே. பத்து நாளாச்சு. எறால் போடட்டுமான்னு கேட்டா அவிய சத்தம் போடுதாக. என்ன செய்ய?"

"பசிச்சா தின்னும்மா" என்றேன்.

தனி மீனுக்கு அந்தப் பதில் சரி. பக்கத்தில் இன்னொரு மீன் கிடக்கும்போது அப்படிச் சொன்னவன் மடையன். முதலாளியை மட்டும் திட்டி எழுதினால் அது பாதி உண்மை.

4

நான் போய்ச் சேர்ந்தபோது அரவானாவின் பின்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. வால் அசைந்துகொண்டிருந்தது. ரெட் டெயிலால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதை ஈரத் துண்டில் சுற்றி, வாயை விரித்துப் பிடித்து, அரவானாவை மெதுவாக உருவினேன். வந்தது. தலையிலிருந்து பாதி உடம்பு வரை செதில் இல்லை. தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து ஏர் டியூப்பைச் செவுள் பக்கம் வைத்தேன். சுசீலாம்மா தொட்டிக்குள் கையை விட்டு நீட்டினார். செவுள் இரண்டு தடவை திறந்தது. அவ்வளவுதான்.

முதலாளி நெற்றி நிறைய நாமத்தோடு நின்றார்.

"இன்னைக்கிப் போயி வீட்டுல உசிரு போயிருச்சே. நீ குடுத்த மீனு சரியில்லய்யா."

சுசீலாம்மா திரும்பினார். "வெரதம் இருந்தது நீங்க. மீனுக்கு யாரு நாமம் போட்டா?"

முதலாளி பேச்சை மாற்றினார். "அந்தச் சனியனக் கொண்டுபோயி கம்மாயில விட்ருய்யா."

"கம்மாயில விட்டா அங்க உள்ளதையும் தின்னு தீத்துரும் மொதலாளி."

"அது எங்கயும் போகாது" என்றார் அந்தம்மா. "பசிக்குத் தின்னுச்சு. இங்கதான் கெடக்கும்."

பையை எடுத்துக்கொண்டு அவரே மார்க்கெட்டுக்குப் போனார். இறாலோடு வந்தார். பெருமாள் படத்துக்கு நேரே நின்று ஒவ்வொன்றாகப் போட்டார். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு பெரிய மீன் கேட்டு வருகிறவர்களிடம் தொட்டி அளவுக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். "வெரத மாசத்துல இதுக்கு என்ன போடுவீக?" சிலருக்குக் கோபம் வருகிறது. மீன் வாங்க வந்தால் வீட்டுச் சமையலைக் கேட்கிறான் என்று வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். மீனும் மீனும் சேருமா என்பது அப்புறம். அந்த வீட்டுக்கு மீன் சேருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பதில் சொல்ல யோசிக்கிறவர்களுக்கு, அவித்த பட்டாணி போட்டாலும் தின்னும் தங்கமீனைக் காட்டுவேன்.