போட்டு வாறன் அக்கா

என் சங்கிலியை அறுத்தவன் மரியாதை தெரிந்தவன். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மன்னார் தோட்டவெளியில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். தையல் தொழில். ஒரு மத்தியானம், முகத்தில் துணி கட்டிய ஒருவன் சமைக்கும் குசினிப் பக்கத்தால் வந்து, என் தலையைச் சுவரில் மோதிச் சங்கிலியை அறுத்தான். வாசல்படியில் நின்று, "போட்டு வாறன் அக்கா" என்றான்.

வாய் நிறைய இரத்தத்தோடு நானும் "ஓம், போட்டு வாங்கோ" என்றேன்.

கண்டறியாத மரியாதை! ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் எழும்பிப் போவோம். மற்ற எந்த வாசலிலும், போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்ற அந்தச் சொல்லும் மறுமொழியும் தாமாகவே வந்துவிடும்.

ஒரு கிழமைக்குள் சங்கிலியோடு பிடிபட்டான். பிணையில் வெளியே வந்தான். அதன் பிறகு மத்தியானங்களில் வேலியின் தென்னோலைக் கிடுகு சரசரக்கத் தொடங்கியது. மெஷினை நிறுத்தினால் அதுவும் நிற்கும். கழுதைகள் முதுகு தேய்க்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? ஆனால் எழும்பிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பொலிசுக்குப் போய், "திரும்பி வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன், அதை எழுதுங்கோ" என்றேன். அங்கிருந்தவர் சிரித்தார்.

"என்னக்கா, அது எல்லாரும் சொல்லுறதுதானே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

எழுதவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவனை என் வாசலுக்கு வராமல் தடுக்க வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

வழக்குத் தவணையன்று கோட்டு விறாந்தையில் ஒரேயொரு வாங்குதான் கிடந்தது. அதில் அவன் இருந்தான். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான்.

"இருங்கோ அக்கா."

இருந்தேன்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் பக்கம் திரும்பாமலே மெல்லச் சொன்னான்: "குசினிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறீங்கள். நல்லது."

அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு மூன்று நாள்தான். கதவின் உள்பக்கம் போட்டது. வெளியே எங்கு நின்று பார்த்தாலும் தெரியாது.

அப்போதுதான், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பெண் உத்தியோகத்தர் என்னைத் தேடி வந்தார். வந்ததும் கோபப்பட்டார்.

"ஏன் இவரோட இருக்கிறீங்கள்? உங்களுக்குப் புறம்பா அறை கேக்கலாம். உங்களை வெருட்டினால் அதுக்கும் சட்டம் இருக்கு. ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. விறாந்தை முழுக்கக் கேட்கும்படி நான் கத்தினேன்: "இவன் இப்ப சொன்னதை எழுதுங்கோ! நல்லது எண்டு சொன்னதையும் விடாமல் எழுதுங்கோ!"

உத்தியோகத்தர் என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். நீதவான் அதை இரண்டு தரம் வாசித்தார். அன்றே அவனுடைய பிணை ரத்தானது.

இனி வரமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அலுமாரியை மட்டும் திறக்காமல், அதன் முன்னால் கதிரையைப் போட்டு, விடியும்வரை இருந்தேன்.