பெரிய லைனுக்குக் கீழே ஒரு வேலி

மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்குத் திரும்பும் வீதியில் போய், கிறவல் பாதையில் இறங்கிக் கேட்டால் மீனம்மாவின் மாட்டுப்பட்டியை யாரும் காட்டுவார்கள். காட்டும்போதே, "கவனம், அவா முதல்ல உங்களைத்தான் விசாரிப்பா" என்று சொல்லியும் விடுவார்கள்.

உண்மைதான். மீனம்மா யாரையும் நம்பியதில்லை. நம்பாமல்தான் முன்னுக்கு வந்தாள். தாயும் தகப்பனும் கலவரத்துக்குப் பயந்து மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். "காட்டை வெட்டித் துப்புரவாக்கு, ஒரு துண்டு உனக்கு" என்று ஒருவன் சொன்னதை நம்பி வெட்டினார்கள். வெட்டி முடிந்ததும் அவன் பேச்சை மாற்றினான். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேறு தேவைப்படவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றாள். இன்றைக்குப் பட்டம் பெற்றவர்கள் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீனம்மாவின் பட்டியில் மாடுகள் நிற்க இடம் போதவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குச் சுடும். சுடட்டும்.

பால் எடுக்க வருகிறவனின் அளவுச் சாடியில் அவள் பால் ஊற்றமாட்டாள், தன்னுடையதில்தான் அளப்பாள். மாட்டு வைத்தியர் ஊசி மருந்து கொண்டுவந்தால் போத்தலை வாங்கி மணந்து பார்ப்பாள். கணவனை யுத்தத்தின் கடைசி மாதங்களில் இழந்து, முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவள் எடுத்த காணி பெரிய லைனுக்குக் கீழே கிடந்தது. இரும்புக் கோபுரங்களில் தொங்கி வடக்கே போகிற, ஊருக்கே கரண்ட் கொண்டுபோகிற லைன். காதைக் கொடுத்தால் இரைச்சல் கேட்கும். அதற்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. மீனம்மா வந்தாள். புல் நன்றாக வளர்ந்தது.

பக்கத்துக் காணி நிரஞ்சனுடையது. முப்பத்தைந்து வயதுப் பொடியன், மனைவி கிருசாந்தி, கிணற்று மோட்டரில் தண்ணீர் இறைத்துக் கச்சான் கடலை செய்கிறான். இரண்டு காணிக்கும் நடுவே லைன் போகிற போக்கிலேயே அவனுடைய வேலி. முன்பு அது கிளிசறியாத் தடிகளை நட்டுக் கம்பி அடித்த வேலி. தடிகள் துளிர்த்து மரமாகி நின்றன. இந்தமுறை சோளகக் காற்று தொடங்க முன்னர் அவற்றை வெட்டிவிட்டு, காய்ந்த பாலைக் கட்டைகள் நட்டான். கம்பி கட்டையில் உரசித் துருப்பிடிக்காதிருக்க, ஒவ்வொரு கட்டையிலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு செருகி அதற்குள்ளால் கம்பியை இழுத்தான்.

மீனம்மா அந்தக் குழாய்த் துண்டுகளைப் பார்த்த அன்றே சந்தேகப்பட்டாள். பன்றிக்குக் கள்ளக் கரண்ட் போடுகிறவர்கள் செய்கிற வேலை அது. கரண்ட் கட்டைக்குள் இறங்காதிருக்கத்தான் குழாய் போடுவார்கள்.

"என்ன தம்பி, கம்பிக்குச் சட்டை போட்டிருக்கிறாய்?"

"துருவுக்கு அக்கா."

"ம். துரு."

கொஞ்ச நாளில் அவளுடைய சினைமாடு சிவப்பி அந்தக் கம்பியில் மூக்கை வைத்தது. வைத்ததும் துள்ளிப் பின்னுக்குப் பாய்ந்து வேலியோர வாய்க்காலுக்குள் விழுந்தது. அன்று பின்னேரமே கன்று செத்துப் பிறந்தது.

மீனம்மா அழவில்லை. சந்தியில் கடை வைத்திருக்கும் தங்கராசாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, கரண்ட் உள்ள இடத்தைத் தொட்டால் சிவப்பாக எரியும் ரெஸ்ரரோடு வேலிக்கு வந்தாள். கம்பியில் வைத்தாள். எரிந்தது.

"இப்ப சொல்லு. துருவோ?"

நிரஞ்சனின் முகம் வெளுத்தது. "அக்கா, அம்மாளாச்சி சத்தியமா நான் ஒண்டும் குடுக்கேல்ல. வாங்கோ, வீட்டு மெயினை விழுத்துறன், பிறகு பாருங்கோ."

ஓடிப்போய் மெயின் சுவிச்சை விழுத்தினான். கிருசாந்தி வாசலில் நின்று, "விழுத்தியாச்சு" என்று கத்தினாள். மீனம்மா மறுபடி ரெஸ்ரரை வைத்தாள்.

எரிந்தது.

தங்கராசா தலையை ஆட்டினார். "மெயினை விழுத்தியும் எரியுதெண்டா, பொடியன் வேற எங்கயோ வயர் வச்சிருக்கிறான்."

"கூரையில சோலர் கிடக்கு," என்றான் ஒருவன்.

சோலரைக் கழற்றி முற்றத்தில் வைத்தார்கள். அப்போதும் எரிந்தது. நிலத்துக்குக் கீழே பற்றறி புதைத்திருப்பான் என்றார்கள். கச்சான் பாத்தியில் இரண்டு இடத்தில் கிண்டியும் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் மோசமாகப் போயிற்று. இவ்வளவு கெட்டித்தனமாக ஒளித்திருக்கிறானே என்றார்கள். அடுத்த நாள் ஒரு பாட்டம் மழை தூறியபோது கம்பி செத்துக் கிடந்தது. "பாத்தியளோ, மழைக்கு நிப்பாட்டிப்போட்டான்," என்றார் தங்கராசா. வெயில் வந்து கட்டை காய்ந்ததும் மறுபடி எரிந்தது.

மீனம்மா பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வருவதாகவும் அதுவரை வேலியில் யாரும் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். அயலூரில் பன்றிக்குப் போட்ட கம்பியில் ஒரு மனிதன் செத்து, போட்டவன் இன்னும் மறியல் சிறையில் இருக்கிறான். நிரஞ்சனுக்கும் அதுதான் கதி என்று ஊர் பேசியது. கிருசாந்தி குடிதண்ணீர் அள்ள வந்தால் பொதுக் கிணற்றடியில் பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் மாடுகளை அந்தக் கம்பியிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். மீனம்மா மாங்குளத்தில் ஒரு சுருள் கம்பி வாங்கி, தன் பக்கத்தில் அவன் வேலிக்குச் சற்றுத் தள்ளி, அதே நீளத்துக்குத் தானும் கட்டைகள் நட்டாள். நட்டுவிட்டு யோசித்தாள். அவனுடைய கரண்ட் மண்ணாலும் கட்டையாலும் ஊர்ந்து தன் கம்பிக்கு வந்தால்? அவன் செய்யக்கூடியவன். பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, ஒவ்வொரு கட்டையிலும் தடிப்பாகச் சுற்றி, அதன் மேல்தான் கம்பியைக் கட்டினாள். கடைசிக் கட்டையில் முறுக்கி முடித்துவிட்டு, இறுக்கமா என்று பார்க்கக் கம்பியைப் பிடித்தாள்.

கை உதறியது. முழங்கை வரைக்கும் விறைத்தது.

முதலில் வந்தது கோபம். 'என்ர கம்பியிலயும் கொழுவிப்போட்டான்.' ஒரு தடியை எடுத்துக்கொண்டு தலைப்பிலிருந்து கடைசி வரைக்கும் நடந்தாள். அவன் வேலி எங்கேயும் இவள் வேலியைத் தொடவில்லை. புல்லை விலக்கினாள், கட்டையடியைக் கிளறினாள். வயர் இல்லை. இரண்டு தலைப்பும் அந்தரத்தில் முடிந்து நின்றன. காய்ந்த தடியால் கம்பியை அவிழ்த்து நிலத்தில் விழுத்தினாள். ரெஸ்ரர் எரியவில்லை. தடியாலேயே தூக்கிக் கொழுவினாள். எரிந்தது.

மீனம்மா தடியைக் கீழே போட்டாள். கடையில் வாங்கின கம்பி, தன் கையால் நட்ட கட்டை, தன் வீட்டு ரியூப். இதில் நிரஞ்சன் எங்கே? இதைக் கழற்றிச் சுருட்டி வைத்தால் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை பொலிஸ் வரும், அவனைக் கொண்டுபோகும், கதை முடியும். அப்படி முடிந்தால் அவள் ஏமாற்றப்பட்டவள். யார் ஏமாற்றினார்கள் என்றுதான் தெரியவில்லை. அதை அவளால் பொறுக்க முடியாது.

மாங்குளத்தில் ஹமீட் மோட்டர் சுற்றுகிறவர். எரிந்துபோன நீர் மோட்டரைப் பிரித்து, செம்புக் கம்பியை மறுபடி சுற்றிக் கொடுப்பார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கிய மனிதர். ஊருக்கே அவர் 'நானா', அண்ணன்.

"நானா, ஒராளுக்கு ஒரு சிக்கல்," என்றாள் மீனம்மா.

"அந்த ஒராள் நல்ல சுகமோ?" என்று ஹமீட் சிரித்தார். "இருங்கோ தங்கச்சி. சொல்லுங்கோ."

சொன்னாள், பெயர்களை விட்டுவிட்டு. ஹமீட் ஒரேயொரு கேள்வி கேட்டார். "அந்த ஒராளின்ர வேலி பெரிய லைனுக்குக் கீழயோ?"

"அதுக்கென்ன?" என்றாள் மீனம்மா. ஹமீட் மேசையிலிருந்த இரும்புக் கட்டை ஒன்றைக் காட்டினார். அதில் செம்புக் கம்பி சுற்றி, கரண்ட் கொடுத்திருந்தது. மெல்ல உறுமியது. இன்னொரு கையில் தனியாகச் சுற்றிய ஒரு கம்பி வளையம். அதன் இரண்டு நுனியிலும் ஒரு சின்னப் பல்ப், வேறொன்றுமில்லை. வளையத்தை இரும்புக் கட்டைக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொடவில்லை. பல்ப் எரிந்தது. விலக்கினார். அணைந்தது.

மீனம்மா எழுந்து மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பல்பைக் கழற்றச் சொல்லி அதற்குள்ளேயும் பார்த்தாள்.

"என்ர சாரத்துக்குள்ளயும் பாக்கப்போறியளோ?"

"பகிடி விடாதேங்கோ நானா. எப்பிடி எரியுது?"

"கரண்ட் ஓடுற கம்பியைச் சுத்திக் காந்தம் நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் முன்னும் பின்னுமாத் திரும்பத் திரும்ப அதுவும் புரண்டுகொண்டு நிக்கும். அது புரளுற இடத்தில வேற கம்பி கிடந்தா அதுக்குள்ளயும் கரண்ட் எழும்பும். உங்கட நீர் மோட்டரில சுத்துற உருளைக்கு ஒரு வயரும் போறேல்ல, தெரியுமோ? தொடாமலேதான் சுத்துது. லைனில காந்தம் மட்டுமில்ல. அதில ஏத்தி வச்சிருக்கிற வோல்ட் இருக்கே, அதுக்கும் ஒரு இழுவை இருக்கு. கீழ மண்ணைத் தொடாமல் ஒரு கம்பி நிண்டா, அந்த இழுவையில வோல்ட் ஏறும். வேலிக்கு வாறது கூடுதலா அதாலதான்."

"முந்தியும் வேலி இருந்ததே. அப்ப கடிக்கேல்லயே?"

"பச்சைத் தடியெண்டா வேருக்கால மண்ணுக்கு இறங்கிப் போயிடும். காய்ஞ்ச கட்டை, அதுக்கு மேல பிளாஸ்டிக்கோ றப்பரோ போட்டா எங்கால இறங்கிறது? ஏறினது ஏறினபடி நிக்கும். தொடுற ஆளால இறங்கும். மழையெண்டா ஈரத்தால வடிஞ்சிடும்."

மீனம்மாவின் கண் சுருங்கியது. "நிரஞ்சன்ர மோட்டரை நீங்கள்தானே சுத்தினீங்கள்?"

"ஓம். உங்கடையையும் நான்தான் சுத்தினன். ரெண்டு பேருக்கும் சேர்த்து எப்பிடிப் பொய் சொல்லுறது? நம்பாட்டி, ஈரமண்ணில நல்ல ஆழமா ஒரு இரும்புக் கூர் அடிச்சுக் கம்பியை அதோட தொடுத்துப் பாருங்கோ. கையில றப்பர் உறை போட்டுக்கொண்டு தொடுங்கோ. உங்கட வேலியில மட்டும். அவன்ரையில நான் கைவைக்கச் சொன்னனான் எண்டு நாளைக்கு என்னைப் பொலிசுக்குக் கொண்டுபோகாதேங்கோ."

அவள் நம்பவில்லை. அதனால்தான் செய்து பார்த்தாள். வேலியோரத்து மாட்டுத் தொட்டியடி ஈரத்தில் ஒரு இரும்புக் கூர் அடித்து, தன் கம்பியை அதோடு தொடுத்தாள். ரெஸ்ரர் செத்தது. அவிழ்த்தாள், எரிந்தது. தொடுத்தாள், செத்தது. மாடுகள் பார்த்துக்கொண்டு நிற்க, திரும்பத் திரும்பச் செய்தாள். கடைசியில் நிமிர்ந்து மேலே போகிற லைனைப் பார்த்தாள். இவ்வளவு காலம் தலைக்கு மேலே நின்றதை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வியாழக்கிழமை ஒரு கூரோடு நிரஞ்சன் வீட்டுப் படலையில் நின்றாள். கிருசாந்தி படலையைத் திறக்கவில்லை.

"என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"கூர். இதை உங்கட வேலியில அடிச்சா கடிக்காது. நிரஞ்சன் ஒண்டும் செய்யேல்ல. எனக்கு விளங்கீட்டுது."

"விளங்கீட்டுதோ?" கிருசாந்தி படலைக் கொக்கியை இறுக்கினாள். "நாளைக்குப் பொலிஸ் வரேக்க கம்பி செத்துக் கிடந்தா, தடயத்தை அழிச்சிட்டினம் எண்டு சொல்லத்தானே? போங்கோ அக்கா. உங்கட நல்லது எங்களுக்கு வேண்டாம்."

மீனம்மா கோபிக்கவில்லை. தானும் அதையேதான் சொல்லியிருப்பாள். கெட்டிக்காரப் பெட்டை என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. ஊரும் வந்தது. பொலிஸ்காரர் நிரஞ்சனின் வேலியை நோக்கி நடக்க, மீனம்மா குறுக்கே நின்றாள். அவள் தன் கம்பியைக் கூரிலிருந்து காலையிலேயே அவிழ்த்து வைத்திருந்தாள்.

"முதல்ல என்ர வேலியைப் பாருங்கோ ஐயா. தொடாதேங்கோ, ரெஸ்ரர் வையுங்கோ."

வைத்தார். எரிந்தது. கூட்டம் இரைந்தது.

"இவாவும் கரண்ட் குடுத்திருக்கிறா!" என்றார் தங்கராசா. "நான் அப்பவே நினைச்சனான்."

"நினைச்சனீங்களோ? அப்ப அந்த மூளையால இதையும் நினையுங்கோ. இந்தக் கம்பி எங்க போகுது? ரெண்டு தலைப்பையும் பாருங்கோ. என்ர வீட்டுக்கு வயர் போகுதோ? ஐயா, என்ர மெயினையும் விழுத்துங்கோ, பட்டியையும் கிண்டுங்கோ."

பொலிஸ்காரர் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புக்கு நடந்தார். மெயினையும் விழுத்தினார்கள். எரிந்துகொண்டே இருந்தது. மீனம்மா கையுறையைப் போட்டுக்கொண்டு, கம்பியைக் கூரோடு தொடுத்தாள். "இப்ப வையுங்கோ."

எரியவில்லை.

அவள் கையுறையைக் கழற்றினாள். எல்லோரும் பார்க்க, வெறும் கையால் கம்பியைப் பிடித்தாள். பிடித்தபடி மற்றக் கையால் மேலே காட்டினாள்.

"கள்ளன் அங்க நிக்கிறான். நிரஞ்சன்ர வீட்டில இல்ல. நான் குடுத்த முறைப்பாட்டை நானே திருப்பி எடுக்கிறன். ஹமீட் நானாட்டக் கேளுங்கோ, அவரையும் நம்பாட்டி உங்கட ஆக்களைக் கூட்டிவந்து பாருங்கோ."

பொலிஸ்காரர் லைனைப் பார்த்தார். மின்சாரப் பகுதி ஆளைக் கூட்டிவந்து காட்டுவோம் என்றார். திங்கட்கிழமை அந்த ஆள் வந்தார், பார்த்தார், இரண்டு வேலிக்கும் கூர் அடிக்கச் சொன்னார். முறைப்பாடு அத்தோடு முடிந்தது. தங்கராசா மட்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ நடத்துகிறார்கள் என்று கடையில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அன்றைக்கே நிரஞ்சன் கூர் அடித்தான். மீனம்மா வாய்க்காலுக்கு இப்பால் நின்று பார்த்தாள். கிருசாந்தி படலையில் நின்று மீனம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, இனியெண்டாலும் என்னை நம்புவியளோ?" என்றான் நிரஞ்சன்.

"கூர் பாதிதான் இறங்கியிருக்கு. ஆரை ஏமாத்தப் பாக்கிறாய்?" என்று வாய்க்காலைத் தாண்டி வந்து, சுத்தியலை அவன் கையிலிருந்து பிடுங்கினாள் மீனம்மா.