பவுதிலியோவுக்குப் பிடித்த ஒயின்

முலாம்பழத்தின் தலையைச் சீவி, விதைகளைக் கரண்டியால் வழித்துக் கோழிகளுக்கு எறிந்துவிட்டு, அந்தக் குழிக்குள் மகளின் வெள்ளை ஒயினை விளிம்புவரை ஊற்றுகிறார் பெரியவர் பவுதிலியோ. மேலே தாராளமாகச் சர்க்கரை. விரலாலேயே ஒரு கலக்கு. பிறகு பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, குழல் போட்டுக் கண்ணை மூடி உறிஞ்சுகிறார்.

"அப்பா, வெளியாளுங்க வர்ற நேரத்துல இதச் செய்யாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்கிறாள் யாஸ்னா.

"எலுமிச்சங்காயக் கடிச்ச மாதிரி இருக்கு கண்ணு. சர்க்கர போட்டாத்தான் தொண்டையில எறங்குது."

எழுபதைத் தாண்டிய குள்ள மனிதர். கழுத்து எப்போதும் தோளுக்குள் புதைந்தே இருக்கும். நடுக்கோடையான ஜனவரியிலும் கம்பளிப் போர்வையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு திரிவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மேட்டில் ஏறி நின்றால் பசிபிக் கடல் தெரியும். விடியும் முன்பே அங்கிருந்து மூடுபனி கிளம்பி மேட்டைத் தாண்டி இறங்கும். மதியச் சாப்பாடு வரைக்கும் போகாது. நான் கீழே ஆற்றோரம் குளிர்ச்சியில் தழைக்கும் லெட்டூஸ் கீரை போடுகிறவன். எனக்கு அந்தப் பனிதான் பிழைப்பு. சரிவில் இருந்த பவுதிலியோவுக்கு அது வேறு மாதிரி. அவர் விதைத்த கோதுமையில் துருநோய் ஏறியது. பட்டாணி அழுகியது. தக்காளி கடைசிவரை பச்சையாகவே நின்று, பச்சையாகவே உதிர்ந்தது.

இந்தச் சரிவில்தான் திராட்சை வைக்கப்போகிறேன் என்று படிப்பு முடித்து வந்த யாஸ்னா சொன்னபோது, அவர் முதலில் சிரித்தாராம். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாராம். அவள் சொன்ன காரணத்தை இன்றைக்கும் என்னிடம் அப்படியே ஒப்பிப்பார்.

"வெயில் கம்மியா இருந்தாத்தான் பழம் மெதுவாப் பழுக்குமாம். மெதுவாப் பழுத்தாத்தான் புளிப்பு போகாதாம். ஏன் தம்பி, புளிப்பு போகணும்னுதானே பழுக்க விடறோம்?"

எனக்கும் தெரியாது. ஆனால் தலைநகரிலிருந்து கார்கள் வந்தன. வந்தவர்கள் கோப்பையை மூக்கருகே வைத்து, வெட்டின புல் என்றார்கள், கடல் உப்பு என்றார்கள், ஈரக் கல் என்றார்கள். ஒருநாள் பவுதிலியோ தோட்டத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்து, போர்வையில் துடைத்து, நக்கிப் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். "கல்லு வாசன இருக்குன்னே வச்சுக்குவோம்," என்றார் என்னிடம். "ஆனா கல்லு வாசன எதுக்கு?"

மூன்று வருடம் முன்பு ஒரு கோடையில் பனி வரவில்லை. கடல் சூடாகிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. பவுதிலியோவுக்கு வாழ்வு வந்தது. போர்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொல்லைப்புறம் நட்டுவைத்த தக்காளி சிவந்தது. முதல் பழத்தை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார். என் வீட்டுக்கும் வந்தார். தின்னக் கொடுக்கவில்லை, காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப்போனார்.

யாஸ்னாவுக்கோ அது கெட்ட கோடை. காலையும் மாலையும் கொடிகளுக்கு நடுவே போய் ஒரு பழத்தைக் கடிப்பாள், துப்புவாள், புளிப்பு குறைந்துவிட்டதென்று முகம் வெளுத்துத் திரும்புவாள். மார்ச்சில் நடக்கும் அறுவடையைப் பிப்ரவரி தொடக்கத்திலேயே முடித்தாள். வழக்கமாக அவள் ஒயினை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரி ஆகஸ்டில் ருசிபார்க்க வந்தார். சாப்பாட்டு மேஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வியாபாரி ஒரு வாய் எடுத்தார், ருசிபார்ப்பவர்கள் வழக்கப்படி கிண்ணத்தில் துப்பினார். "நல்லாத்தான் இருக்கு," என்றார் மரியாதையாக. "ஆனா இது எங்க வேணும்னாலும் கிடைக்கும், யாஸ்னா. அடுத்த வருஷம் பாப்போமே."

அதே நேரம் பவுதிலியோ தன் கோப்பையைக் காலி செய்திருந்தார். சர்க்கரை இல்லை, பழம் இல்லை. முகமெல்லாம் மலர்ச்சி. "இப்பத்தான் கண்ணு நீ ஒயின் பண்ணியிருக்க!" என்று மேஜையைத் தட்டினார். "பீச் பழம் மாதிரி! இவ்வளவு நாளும் என்னத்தப் பண்ணிட்டு இருந்த?"

யாஸ்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கிழவா, உன் வாயில இந்த மேஜைத் துணிய வச்சு அடைக்கணும்யா," என்றார் பவுதிலியோவின் மனைவி எர்மெலிண்டா.

"நான் என்ன சொல்லிட்டேன்? நல்லாயிருக்குன்னுதானே சொன்னேன்?"

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. மறுநாள் என் வரப்பில் வந்து உட்கார்ந்தார். "நல்லால்லன்னா கோவிச்சுக்கறா. நல்லாயிருக்குன்னா அழுவுறா. நான் ஊமையாப் போயிடவா தம்பி?"

"போய் அவகிட்டயே கேளுங்க," என்றேன்.

கேட்டிருக்கிறார். தொட்டிகள் இருக்கும் கொட்டகையில் அவள் தனியாக இருந்தபோது போய், பழைய வருடத்து ஒயினையும் இந்த வருடத்து ஒயினையும் ஊற்றித் தரச்சொல்லியிருக்கிறார். இரண்டையும் குடித்துவிட்டு, "எங்க தப்புன்னு காட்டு," என்றாராம்.

"இதுல நம்ம இடம் இல்லப்பா," என்று புதியதைக் காட்டினாளாம். "அதுல இருக்கு."

பழையதை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பல் கூசியது, காது மடல்வரை சில்லிட்டது. கோதுமையைப் பார்க்கப் போகும் காலைகளில் மேட்டில் நின்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதாம்.

"இது அந்தப் பனியில்ல?" என்று கேட்டாராம். "என் பட்டாணியத் தின்ன சனியன்."

"ஆமாம்ப்பா. அதேதான்."

"அதப் போயா பாட்டில்ல அடைக்கற?"

அவள் சிரித்துவிட்டாளாம். அழுதுகொண்டே சிரித்தாளா, சும்மா சிரித்தாளா என்று அவரால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அவளுக்குப் பிடித்தது தனக்குப் பிடிக்க வேண்டுமா என்றும் அவருக்குத் தெரியவில்லை. "எனக்கு இன்னமும் பீச்சு ஒயின்தான் பிடிக்குது," என்றார் என்னிடம், யாருக்கும் கேட்காத குரலில். வியாபாரி வேண்டாமென்ற அந்த ஒயின் முழுவதும் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனது. அங்கே எல்லோரும் ஆகா என்று குடித்தார்கள். அதைக் கேட்டு அவருடைய குழப்பம் இன்னும் கூடியது.

அடுத்த கோடையும் வெயிலோடுதான் தொடங்கியது. இன்னொரு வருடம் இப்படிப் போனால் கொடியைப் பிடுங்கிவிட்டு வேலை தேடிப் போகவேண்டியதுதான் என்று யாஸ்னா தாயிடம் சொல்லியிருந்தாள். பவுதிலியோ தினமும் விடியலில் மேட்டைப் பார்த்து நின்றார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேட்டேன். "அதான் தெரியல," என்றார். கொல்லையில் அவருடைய தக்காளி இரண்டு வரிசை, பாதி சிவந்து நின்றது.

ஜனவரியில் ஒரு காலை, தண்ணீர் திருப்பிவிட நான் வெளியே வந்தபோது மேடு காணாமல் போயிருந்தது. வெள்ளையாக, சத்தமில்லாமல், சரிவு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது பனி. மேலே யாஸ்னா வெறுங்காலோடு கொடிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். "வந்திருச்சுப்பா! வந்திருச்சு!"

பவுதிலியோ கொல்லையில் நின்றார். துணிக்கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை உருவியிருந்தார். எர்மெலிண்டா உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார். பவுதிலியோ எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு கையால் "வா, வா, அந்தப் பக்கம் போ" என்று பனியை மகளின் தோட்டத்துக்கு வழிகாட்டிக்கொண்டே, மறுகையால் விரிப்பை இழுத்துத் தன் தக்காளியை மூடிக்கொண்டிருந்தார்.