பசிக்குது என்று சொன்ன நாள்

கணையத்தில் திடீர் அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ரமணாசிரமம் பக்கம் நாங்கள் நடத்தும் விடுதியில் தங்கியிருந்த பிரான்ஸ் நாட்டு அம்மா, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். என் மனைவி அதை நம்பிக்கையோடு டாக்டரிடம் நீட்டினாள்.

"இது கணையத்துக்கு உதவும்னு உறுதியா நிரூபணம் இல்லம்மா. சலைன் போகுது, வலிக்கு மருந்து போகுது. அவருக்குப் பசிச்சா சொல்லுங்க. அதான் நல்ல சேதி" என்றார் டாக்டர்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "பசிக்குதாங்க?" எனக்கோ சோறு என்றாலே குமட்டியது.

பௌர்ணமி வந்தது. கிரிவலம் போகிறவர்களுக்குத் தெருவில் யாரோ வெண்பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெய் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"பசிக்குது" என்றேன்.

"டாக்டர், இவருக்குப் பசிக்குதாம்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே ஓடினாள். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். நெய் ஆகாது என்று பொங்கலைத் தடுத்துவிட்டார்கள். ஒரு இட்லிதான் கிடைத்தது. அவ்வளவு ருசியான இட்லியை நான் தின்றதே இல்லை.

வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, சமையலறை வாசலில் நின்று பசிக்குது என்றேன். "இப்பதானே சாப்டீங்க, அதுக்குள்ளயா?" என்று முறைத்தாள்.

உடம்பு முழுசாகத் தேறிவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன்.